சோதனைக் குரல்

கடையின் பின்னறையில் வேலை செய்யும் அந்தப் பெண்ணை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிட்டார். கூரியர்காரர், எதிர்க்கடை கண்ணாடிக்காரர், பென்ஷன் வாங்கும் வயதிலிருந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் கூசாமல் அக்கா என்றார்கள். ஊருக்கெல்லாம் அக்காவாக இருப்பதில் மற்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாய் நிறைய உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும், வீட்டுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. உண்மையில் கூடப்பிறந்தவர் என்று அவளுக்கு ஒருவரும் கிடையாது.

கடை விற்றது கம்ப்யூட்டர். பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போட்டால் ஓட வேண்டும். உள்ளே எது ஓடுகிறது என்பதில்தான் இந்தக் கடைக்கும் அடுத்த தெருக் கடைகளுக்கும் வித்தியாசம். அங்கெல்லாம் பெரிய கம்பெனி விற்கிற சிஸ்டம். இங்கே, எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள் என்று பொதுவில் வைத்துவிட்ட லினக்ஸ். அதற்கு விலை இல்லாததால் பெட்டியின் விலையும் இறங்கியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அக்கா பிடித்துப் பார்த்தாள். பார்த்ததோடு விடாமல் ஒவ்வொரு பல்லாக விளக்கியும் விட்டாள்.

அவள் வேலை ஒரே ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்வது. தாய் மெஷின் என்று அதற்குப் பெயர். எழுத்து எந்த அளவில் தெரிய வேண்டும், எந்தப் பட்டனை எங்கே வைத்தால் முதல்முறை உட்காருகிறவர் திருதிருவென்று விழிக்க மாட்டார், எந்தப் பிரிண்டரை மாட்டினாலும் அது முரண்டு பிடிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அந்த ஒன்றில் அமைப்பாள். பிறகு அதை அப்படியே நகலெடுத்து, அட்டைப்பெட்டிகளிலிருந்து எடுத்து வரிசையாக வைத்திருக்கும் புது மெஷின்களில் இறக்குவாள். தாயில் இருப்பது எல்லாம் பிள்ளைகளிலும் இருக்கும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் இதை விளக்குவார். அவருக்கு நன்றாகத் தெரிந்த பழமொழி அது ஒன்றுதான். அதை வைத்தே பல இடங்களில் ஒப்பேற்றிவிடுவார்.

யாரும் கேட்காமல் அவள் செய்து வைத்த சில்லறை வேலைகளும் உண்டு. எழுத்தை ஒரு படி பெரிதாக வைத்தாள். மெஷினை அணைக்கும்போது திரையில் வருகிற வறட்டு வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'சரி, நாளைக்குப் பார்ப்போம்' என்று போட்டாள். பிடிக்காத வாக்கியத்தை யாரையும் கேட்காமல் மாற்றலாம் என்பதுதான் இந்த இலவச சிஸ்டத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம். வாழ்க்கையில் வேறெங்கும் அவளுக்கு அந்தச் சலுகை கிடைத்ததில்லை.

எல்லாம் முடிந்தபின் கடைசி வேலை ஒலிச் சோதனை. மைக்கில் ஏதாவது பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டு, சரியாக இருந்தால் பதிவை அழித்துவிட்டு நகலெடுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்களாம். அக்கா சொல்வது வேறு.

"ஹலோ, கேக்குதா? சாப்டியா?"

அது அம்மாவுக்கான கேள்வி. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க, மத்தியான வேளையில் அக்கா கடையிலிருந்து போன் செய்வாள். அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் முதலில் கேட்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு வர வேண்டும். அம்மா, ஆச்சு, நீ என்பாள். அக்காவும் ஆச்சு என்பாள். அம்மா சொன்னது நிஜம். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஊட்டிவிட்டுப் போயிருப்பாள். அக்கா சொன்னது பெரும்பாலும் பொய். இல்லை என்று சொன்னால் கிழவி மீதிப் பொழுதை அந்தக் கவலையிலேயே கழிப்பாள் என்பதால் பழகிக்கொண்ட பொய். நாளடைவில் யார் கேட்டாலும், கண்ணாடிக்காரர் போகிற போக்கில் கேட்டாலும், ஆச்சு என்றே வந்தது. காலையில் கட்டிய சாப்பாட்டு டப்பா பல நாள் கட்டியபடியே வீடு திரும்பும்.

அம்மா போன பிறகு மத்தியானங்களில் போன் செய்ய ஆளில்லை. வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. மைக்கைக் கண்டால் அதே கேள்வி வந்தது. மாடியில் ஒரு அறையும் அடுக்களையும்தான் அவள் வீடு. அம்மாவின் கட்டிலை அப்புறப்படுத்தாமல் அதன்மேல் துவைத்த துணிகளைப் போட்டு வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்முன் ஒரு தடவை செருமுவாள், உள்ளே இருப்பவர்களுக்குத் தான் வருவதைச் சொல்வதுபோல. உள்ளே யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. தெரியும், இருந்தாலும் செருமுவாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது நடந்தது பள்ளிக்கூடங்கள் திறக்கும் பருவத்தில். கடைக்குத் தலைக்கு மேல் வேலை. அக்கா தாய் மெஷினைத் தயார் செய்து, கடைசியில் மைக்கில் பேசிப் பதிவு செய்து, போட்டுக் கேட்டாள். மற்ற நாட்களில் அவள் காது இரைச்சல் இருக்கிறதா, தெளிவாக வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அன்று என்னவோ கேள்வியே காதில் விழுந்துவிட்டது. சாப்டியா என்று யாரோ தன்னைக் கேட்டதுபோல் இருந்தது. பதில் சொல்ல வாய் தானாகத் திறந்தது. கேட்டது தானேதான் என்று உறைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுது முடித்து, முகம் கழுவி வந்தாள். வாசலில் டெலிவரி வண்டி வந்து நிற்கிறது என்று முதலாளி பறந்துகொண்டிருந்தார். அக்கா உட்கார்ந்து நகலெடுக்கத் தொடங்கினாள். அழிக்க வேண்டியதை அழிக்கவில்லை.

அந்தப் பருவத்தில் வெளியே போன ஒவ்வொரு மெஷினிலும், பாட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் அவள் குரல் உட்கார்ந்திருந்தது. பாட்டுப் பட்டனை அழுத்தினால் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அதுதான்.

விஷயம் வெளியே வந்தது ஒரு டியூஷன் மாஸ்டர் வீட்டில். மனைவி அடுக்களையில் இருக்க, மாஸ்டர் முன்னறையில் புதுக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கலாம் என்று பட்டனை அழுத்தியிருக்கிறார். வேறொரு பெண்ணின் குரல், அதுவும் அவ்வளவு உரிமையோடு, சாப்டியா என்று அவரைக் கேட்டிருக்கிறது. எந்த மனைவி சும்மா இருப்பாள்? மாஸ்டர் விளக்க முயன்றார். விளக்க விளக்கச் சிக்கல் இறுகியது. கடைசியில் அந்த அம்மாள் கம்ப்யூட்டரை ஒரு கையிலும் புருஷனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். மேசைமேல் வைத்து, பட்டனை அழுத்தி, எல்லோரும் கேட்கும்படி ஓடவிட்டாள்.

"இந்தப் பொம்பள யாரு?"

முதலாளிக்குக் குரல் தெரிந்துவிட்டது. அவர் தலை பின்னறைப் பக்கம் திரும்பியது. அக்கா ஸ்க்ரூடிரைவரோடு வெளியே வந்து நின்றாள். நரை ஓடிய தலை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கையில் மெஷினின் தூசி. அந்த அம்மாள் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இவங்களா?"

கோபமெல்லாம் வடிந்துபோனது. மாஸ்டர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். முதலாளி சிரித்தார். அந்த அம்மாள், தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்து வைத்தாள். பின்னறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகு அவமானமாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. இன்னும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டிருந்தால்தான் என்ன. இதை யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்ள முடியும்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கண்ணாடிக்காரர் அன்றே, சாப்டியா என்று அவளைப் போலவே இழுத்துக் கேட்டுக் கேலி செய்தார். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். இன்னொரு வீட்டில் இன்னொரு சண்டை வந்தால் கடையின் பேர் கெடும் என்றார். அந்தப் பருவத்தில் வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்து, அந்தப் பதிவை எப்படி அழிப்பது என்று பக்குவமாகச் சொல்லிவிடும்படி அக்காவையே பணித்தார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான். தன் குரலை அழிக்கச் சொல்லித் தன் குரலாலேயே ஊரெல்லாம் கெஞ்ச வேண்டும்.

போன் செய்யச் செய்ய, அவமானத்தைவிடப் பெரிய ஒன்று அவளுக்குக் காத்திருந்தது. முதலில் பேசிய மருந்துக்கடைக்காரர், அந்த சிஸ்டமா, அதை வாங்கிய அன்றே தூக்கிவிட்டோமே என்றார். மச்சான் வந்து எல்லோரும் வைத்திருப்பதைப் போட்டுக் கொடுத்தாராம். அடுத்தவர் வீட்டில் மருமகன். அதற்கடுத்தவர், கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே அடுத்த தெருவில் நிறுத்தி மாற்றிக்கொண்டு போயிருந்தார். ஒரு தையற்காரி மட்டும், ஏதோ வித்தியாசமாக இருந்தது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மற்றவர்களிடம் இல்லாததை நாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நியாயம் பேசினாள். அழிக்கச் சொல்ல வேண்டிய தேவையே அக்காவுக்கு வரவில்லை. குரலும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை, நாளைக்குப் பார்ப்போமும் இல்லை. வருஷக்கணக்காக அவள் ஆக்கி ஆக்கி அனுப்பியதை ஜனங்கள் அடுத்த தெருமுனையில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

அன்று மாலை முதலாளியிடம் இதைச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு முன்பே தெரியும் என்று புரிந்துவிட்டது.

"ஏதோ ஒண்ணு உள்ள இருக்கணும்ல அக்கா. இல்லாட்டி மெஷின் ஓடுதான்னு அவங்களுக்கு எப்படிக் காட்டறது?"

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று பூட்டைத் திறக்கும்போது செருமத் தோன்றவில்லை.

மறுநாள், போன் செய்ய எடுத்து வைத்த பில்களில் மிச்சமிருந்தது ஒரு எடைமேடை. ஊருக்கு வெளியே, இரண்டு நெடுஞ்சாலைகள் கூடும் இடத்தில் தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தட்டு. லாரி அதன்மேல் ஏறி நிற்க, பக்கத்து அறையிலிருக்கும் கம்ப்யூட்டரில் எடை விழும். அங்கே உட்கார்ந்திருப்பவர் அதைச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பார். எடைமேடையின் சொந்தக்காரர் விலை குறைவு என்று இந்தக் கடையில் வாங்கிப் போட்டிருந்தார். அக்கா எண்ணை அழுத்தினாள். எடுத்த பக்கம் ஒரே லாரி இரைச்சல்.

"ஹலோ, கேக்குதா?"

பதில் இல்லை. போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தாள். இரைச்சல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு ஆணின் குரல், மெதுவாக.

"கேக்குது." கொஞ்சம் நிறுத்தி, "சாப்டேன்" என்றது.

அவள் சாப்பாட்டைப் பற்றி எதுவுமே கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்வியின் பதில் போனில் வருகிறதென்றால் அந்த மனிதர் அதற்குமுன் அந்தப் பதிவை எத்தனை தடவை போட்டுக் கேட்டிருக்க வேண்டும். கடையின் சார்பில் சொல்ல வேண்டியதை எப்படியோ ஒப்பித்தாள். தவறுதலாக ஒரு பதிவு வந்துவிட்டது, சிரமத்துக்கு மன்னிக்கவும், அதை அழிக்கும் வழி இது என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு அழிக்கத் தெரியாது, அவளே வந்து அழித்துவிட்டுப் போனால் நல்லது என்றார். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். அழிக்கத் தெரியாது என்றது சுத்தப் பொய் என்பது பின்னால் விளங்கியது. வழி தவறினால் கேட்கலாம் என்று அக்கா அவர் எண்ணைத் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் மத்தியானத்துக்குச் சற்று முன் போய் இறங்கினாள். சுற்றிலும் வெட்டவெளி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு டீக்கடைகூட இல்லை. போனில் பேசியவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், அவள் வயதுதான் இருக்கும், காதில் பேனா, புருவமெல்லாம் சாலைத் தூசி. சட்டை மட்டும் அன்று காலை இஸ்திரி போட்டது. அறைக்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருந்தார், அதன் கைப்பிடியில் இன்னும் ஈரத்துணி துடைத்த தடம் இருந்தது.

மேசைமேல் அவள் அனுப்பிய மெஷின். அவள் வைத்த பெரிய எழுத்து, அவள் வைத்த இடங்களில் பட்டன்கள், எதையும் யாரும் கலைக்கவில்லை. அதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. யார் வந்து மாற்றிக் கொடுப்பார்கள், இந்தக் காட்டுக்கு மச்சானா வருவான் என்று அவர் சொன்னார். பிறகு, மாற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை என்றார். தூரத்தில் நின்றாலும் எழுத்துத் தெரிகிறது. சாயங்காலம் அணைக்கும்போது நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்கிறது, வேறு யாரும் தன்னிடம் அப்படிச் சொல்வதில்லை. இதையெல்லாம் அவர் மெஷினைப் பார்த்துத்தான் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. வெளியே ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது.

"நான் வெளில நிக்கிறேன். நீங்க பாருங்க."

அக்கா உட்கார்ந்து பாட்டுகள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். ஒரே ஒரு பதிவு இருக்க வேண்டிய இடத்தில் திரை முழுக்கப் பதிவுகள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. பாட்டுப் பட்டனுக்கு அடுத்தாற்போல் பதிவுப் பட்டனை வைத்தது அவள்தான், தேடாமல் கைக்குக் கிடைக்கட்டும் என்று. கிடைத்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவருக்கு அழிக்கவா தெரியாது. எல்லாவற்றிலும் முதலில் இருந்தது அவள் குரல். அதற்கு அடுத்ததை அழுத்தினாள். தொண்டையைச் செருமுகிற சத்தம், பிறகு, "சாப்டேன்." அவ்வளவுதான். அடுத்தது, "சாப்டேன். நீ?" கூடவே கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாத இரைச்சல், பதிலுக்குக் காத்திருந்ததுபோல.

ஒழுங்கு முறையெல்லாம் பார்க்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அழுத்திக் கேட்டாள்.

"இன்னைக்கு முட்டை. உப்பு ஜாஸ்தி. நானே போட்ட உப்பு, யாரைத் திட்டறது."

"மழை. ஒரு லாரியும் வரல. காலைலேர்ந்து நான் வாயத் தொறந்து பேசறது இதான்."

இன்னொன்றில் குரல் கட்டியிருந்தது. "காய்ச்சல். சாப்பிடல. உங்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது."

அக்கா அதோடு நிறுத்திக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தால் அவர் லாரியின் முன்னால் முதுகு காட்டி நின்றிருந்தார். லாரி சரியாக நின்று எவ்வளவோ நேரம் ஆகியும், இன்னும் கொஞ்சம் வா, இன்னும் கொஞ்சம் என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அழிக்காமல் விட்டுவிட்டுப் போகலாம். முதலாளி வந்து பார்க்கப் போவதில்லை, இங்கே சண்டை போட மனைவியும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இவரைக் கேட்டதில்லை. செத்துப்போன ஒருத்தியைக் கேட்ட கேள்விக்கு, ஒரு மனிதர் உப்பு முதல் காய்ச்சல் வரை ஒன்றையும் மறைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இதை அப்படியே விடுவது ஏமாற்று வேலை என்று அவளுக்குப் பட்டது. தவிர, அவளுக்குப் பயமாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாரும் கேட்காத இடத்தில் பேசியே பழகியவளுக்கு, ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது தாங்க முடியாத விஷயமாக இருந்தது. தன் குரலை அழித்தாள். அவருடையவற்றைத் தொடவில்லை, அவற்றை அழிக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை.

லாரி போன பிறகு அவர் உள்ளே வந்தார். ஆச்சா என்று கேட்டார். ஆச்சு என்றாள். அவர் திரையைப் பார்த்தார். முதல் இடத்தில் இருந்தது போய் அவருடைய குரல் ஒவ்வொன்றும் ஒரு இடம் மேலே ஏறியிருந்தது. தலையாட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று அக்கா கேட்டாள், ஓடுகிறது என்று அவர் சொன்னார். அதற்குமேல் பிரிண்டரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சாப்டீங்களா?" என்றார் அவர்.

"ஆச்சு" என்றாள் அக்கா.

யோசித்துச் சொன்னதில்லை. கண்ணிமைக்கிற மாதிரி, வாய் அதன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சரிங்க என்று சொல்லி வாசல்வரை வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்தது. கதவருகே ஒரு ஸ்டூலின்மேல் அவருடைய சாப்பாட்டு டப்பா திறந்திருந்ததையும், டப்பாவில் பாதியும் மூடியில் பாதியுமாகச் சாப்பாடு பிரித்து வைத்திருந்ததையும் அவள் பார்த்தாள். பார்த்தாளே தவிர அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கணத்தில் உறைக்கவில்லை. சாலையைக் கடந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, பஸ் வேகம் எடுத்த பிறகுதான் உறைத்தது.

அவள் மடியில் பை இருந்தது. பைக்குள் காலையில் கட்டிய டப்பா, கட்டியபடியே. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருவர் அவளை நேருக்கு நேர், பதில் வேண்டிக் கேட்டிருக்கிறார். அவரிடம் போய், படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவியைத் தேற்றுவதற்காகச் சொல்லிப் பழகிய பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த மனிதர் வெறும் மெஷினிடம்கூடப் பொய் சொல்லவில்லை. காய்ச்சல் அடித்தபோதும் இல்லை என்றால் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த மூடியில் வைத்ததைத் திரும்ப டப்பாவில் போட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சாப்பிட்டு முடித்துப் பட்டனை அழுத்தினால் கேட்க ஒரு கேள்வியும் இருக்காது. அதை அழித்தது அவள்தான். தன்மேலேயே அவளுக்கு வந்த கோபத்தில், அடுத்த நிறுத்தம் எது என்றுகூடப் பாராமல் இறங்கிவிட்டாள்.

அது ஒரு நிழற்குடை, உள்ளே ஒரு சிமென்ட் பெஞ்சு. வேறு யாரும் இல்லை. இந்த மாதிரி இடங்களில் உட்கார்ந்து, இல்லாத ஆட்களோடு மனசுக்குள் பேசியே அவள் பாதி ஆயுசைக் கழித்திருந்தாள். அன்று போனை எடுத்தாள். பெல் வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் அதே லாரி இரைச்சல்.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குது."

"நான் சாப்பிடல. ஆச்சுன்னு சொன்னது பொய்."

அந்தப் பக்கம் யாரோ டிரைவர் கத்துவதும் ஹாரனும் கேட்டன. அவர் போனைக் காதருகே வைத்திருக்கிறார் என்பது மூச்சில் தெரிந்தது.

"இரு. லாரி ஒண்ணு மேல நிக்குது, அனுப்பிட்டு வந்துடறேன். வச்சிடாத."

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் டிரைவரோடு ஏதோ வாக்குவாதம் செய்தார். பிறகு பிரிண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அக்கா பையிலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அவர் திரும்பி வருவதற்காக உட்கார்ந்திருந்தாள்.